ஓர் இரவு நிம்மதியாகத் தூங்க ஓர் அறை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்க எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் பினாங்குக்குப் புறப்பட்டது. அதில் செம்பனையில் வேலை செய்யும் ஒரு தம்பதியர், தங்கள் ஒன்பது வயது மகனுடன் போனார்கள். பையன் எங்கள் பள்ளி மாணவன்தான். நாலைந்து வார்த்தைகளுக்கு மேல் பேசமாட்டான். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஜார்ஜ் டவுனில் ஒரு மலிவு விடுதியில் அறை எடுத்தார்கள். சிமிட்டிக்கொண்டே இருக்கும் டியூப் லைட். தரை துடைத்த மருந்தின் நெடி. தெருவில் உறுமி மேளம். பக்கத்து அறையில் டெலிவிஷன். பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். நள்ளிரவில் விடுதிக்காரர் கதவைத் தட்டி, "பிள்ளையை வளர்க்கத் தெரியாதா? மற்றவர்கள் தூங்க வேண்டாமா?" என்று சத்தம் போட்டார். மூவரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேறி, விடியும்வரை ஒரு கடையின் அஞ்சடியில் உட்கார்ந்திருந்தார்கள். சாமி பார்க்காமலே திரும்பினார்கள்.

"இனிமே எங்கேயும் போறதில்ல, டீச்சர். கல்யாணம் காட்சின்னா நான் மட்டும் போவேன். இல்லேன்னா அவங்க அப்பா மட்டும் போவாரு. மூணு பேரா வெளியே போற கொடுப்பினை எங்களுக்கு இல்ல" என்று அந்தத் தாய் என்னிடம் கண் கலங்கினார்.

தாய்மார்களே, இப்படிப் பயணத்தையே மறந்துபோன குடும்பம் உங்கள் லயத்திலும் ஒன்று இருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர் 127 பேரில் ஒருவர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கு. ஓர் இடத்தில் உட்காராமல் துடிக்கும் பிள்ளைகளும், எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேராதவர்கள். இவர்கள் எல்லாருடைய மூளையும் நம்முடையதைப் போலன்றி வேறு விதமாக இயங்குகிறது.

பிடிவாதமா?

பலர் நினைப்பதுபோல் அது பிடிவாதமும் அல்ல, வளர்ப்புக் குறையும் அல்ல. நமக்குக் காதில் விழாத மின்விசிறியின் கிறீச்சொலி, ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு ஆலைச் சங்கு ஊதுவதுபோல் கேட்கும். நாம் கவனிக்காத விளக்கின் துடிப்பு கண்ணைக் குத்தும். பழகிய இடமும் பழகிய ஒழுங்குமே அவர்களுக்கு ஆறுதல். அறியாத ஊரில் அறியாத அறைக்குள் திடீரென்று கொண்டுபோய் விட்டால், பயத்தைச் சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளை அலறாமல் என்ன செய்யும்?

உலகம் இதை மெல்ல உணர்ந்து வருகிறது. ஏப்ரல் 2ஆம் நாளை உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாட்டுச் சபை அறிவித்து, 2008 முதல் அது அனுசரிக்கப்படுகிறது. லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016இல், வெளியே தெரியாத குறைபாடு உள்ள பயணிகள் சூரியகாந்திப் பூப் போட்ட கழுத்துப் பட்டை அணியும் முறை தொடங்கியது. பட்டையைக் கண்ட ஊழியர்கள் பொறுமையோடு உதவுவார்கள். நம் நாட்டிலும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 2022இல் ஆட்டிசம் உள்ள பயணிகளுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆனால், விமானத்தை விட்டு இறங்கினாலும் பஸ்ஸை விட்டு இறங்கினாலும், இரவு தலைசாய்க்க ஓர் இடம் வேண்டுமே!

தம்பி செய்த தவறு

என் தம்பி ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டைக் குத்தகைக்கு எடுத்து, உரிமத்தோடு சிறிய விடுதி நடத்துகிறான். நடந்ததை அவனிடம் சொன்னேன். மனம் இளகி, பின்பக்க அறை ஒன்றை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கினான். சுவர் முழுக்கக் கார்ட்டூன் படங்கள், வண்ண விளக்குகள், கூடை நிறைய விளையாட்டுச் சாமான்கள்! பெருமையோடு படம் எடுத்து அனுப்பினான். அதை அந்தத் தாயிடம் காட்டினேன். "இத்தனை கலர் இருந்தா அவனுக்குக் கண்ணு கூசும், டீச்சர்" என்றார் அவர்.

கேட்காமல் செய்த உதவி உபத்திரவமாயிற்று. பிறகு அந்தத் தாயே சொல்லச் சொல்ல, தம்பி அறையை மாற்றினான். படங்களை உரித்துவிட்டு வெளிர் நிறம் பூசினான். சிமிட்டாத மஞ்சள் விளக்கு போட்டான். தடித்த திரை, தரையில் சத்தத்தை உறிஞ்சும் கம்பளம், மூலையில் பிள்ளை ஒதுங்கி உட்கார ஒரு சிறு கூடாரம், மணமில்லாத சோப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பழகிய சாப்பாட்டை மட்டுமே தொடும் பிள்ளைகளுக்காக, தாய் சமைக்கச் சமையலறையையும் திறந்துவிட்டான். சன்னலுக்குக் கம்பி வைத்தான். பிள்ளை சொல்லாமல் வெளியே ஓடிவிடக்கூடும் என்பதால், கதவு திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்றும் பொருத்தினான். தீ விபத்து நேர்ந்தால் ஆபத்து என்பதால் வெளிப்பூட்டு மட்டும் கூடாது. எல்லாம் சேர்த்து, அவன் கட்டும் ஒரு மாத வாடகையில் பாதிகூட ஆகவில்லை.

வீட்டை வாடகைக்கு எடுப்போர் கவனிக்க

பட்டணத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் இப்படி வீடு எடுத்து, பயணிகளுக்கு வாடகைக்கு விட நினைக்கலாம். நல்ல தொழில்தான், ஆனால் சட்டம் தெரிந்து இறங்க வேண்டும். பயணிகளுக்கு உள்வாடகைக்கு விடலாம் என்று வீட்டுக்காரரின் சம்மதம் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்ட வேண்டும். இரண்டு மாத முன்பணமும், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதப் பணமும் கேட்பது வழக்கம்.

அடுக்குமாடி வீடானால் நிர்வாகக் குழுவின் விதியையும் பார்க்க வேண்டும். குறுகிய கால வாடகையைத் தடுக்கும் அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. பினாங்கு மாநில அரசும் 2023இல் இதற்குக் கட்டுப்பாடுகளை அறிவித்தது. ஆகவே மாநகர் மன்றத்தில் விசாரிக்காமல் ஒரு காசும் போடாதீர்கள். ஜார்ஜ் டவுன் 2008 முதல் உலகப் பாரம்பரிய நகரம். அங்குள்ள பழைய கடைவீட்டில் நினைத்தபடி சுவரை இடிக்க முடியாது. திரையும் கம்பளமும் விளக்கும் இடிக்காமல் செய்யக்கூடியவை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

அறை எடுக்கும் முன் போன் செய்து கேளுங்கள். அறை தெருப்பக்கமா, பின்பக்கமா? பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா? நீச்சல் குளம் இருந்தால் வேலி உண்டா? (தண்ணீரைக் கண்டால் ஓடும் பிள்ளைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.) அறையின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, ஒரு வாரமாவது பிள்ளைக்குக் காட்டுங்கள். பிள்ளையின் நிலையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "இங்கே சரிப்படாது" என்று போனிலேயே தெரிந்துகொள்வது நள்ளிரவில் தெரிந்துகொள்வதைவிட மேல். சமூக நல இலாகா வழங்கும் மாற்றுத் திறனாளி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

அந்தக் குடும்பம் சென்ற பள்ளி விடுமுறையில் மறுபடியும் பினாங்குக்குப் போயிற்று. திருவிழாக் கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டில், குளியலறைக் கதவு, வாசலில் நிற்கும் என் தம்பி என எல்லாப் படங்களையும் பையன் ஒரு வாரமாகப் பார்த்து வைத்திருந்தான். அறைக்குள் நுழைந்ததும் நேரே கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டானாம். இரவு ஒருமுறை எழுந்து அழுதிருக்கிறான். யாரும் கதவைத் தட்டவில்லை. தாய் மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்க, மறுபடி தூங்கிவிட்டான்.

காலையில் மூவரும் தண்ணீர்மலைப் படியேறினார்கள்.

"அவன் தூங்கினது மட்டுமில்ல டீச்சர், நானும் தூங்கினேன்" என்றார் அந்தத் தாய்.