மண்ணுக்குள்ளே ஒரு சண்டை – 11: உக்காத எரு

மாரஸ்ஸன, தெல்தோட்டைப் பக்கம் போஞ்சி போடுகிறவர்கள் காய் பிடிக்கும் பருவத்தில் மத்தியான நேரம் பாத்திக்குப் போகவே பயப்படுவார்கள். வெயிலில் துவளும் கொடி மாலையில் நிமிரும். நாலைந்து நாளில் அதுவும் நின்றுவிடும். அடியிலை மஞ்சளாகி, மஞ்சள் மேலே ஏறும். அப்படியொரு செடியைப் பிடுங்கித் தண்டின் அடியை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே தேயிலைச் சாயம் ஊறினதுபோலக் கபில நிறக் கோடு ஓடினால், பெரும்பாலும் பியூசேரியம் பங்கசுதான். வெட்டிய துண்டைத் தம்ளர் தண்ணீரில் பிடிக்கும்போது பால் நூலாக இறங்கினால் அது பற்றீரியா. அதன் கதை வேறு.

இந்தப் பங்கசு தடித்த சுவருள்ள வித்திகளாக மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வேர் கசியவிடும் சீனி பட்டதும் முளைத்து, உள்ளே புகுந்து, நீர் ஏறும் கலன்களை அடைத்துவிடும். இலைக்கு மருந்தடித்து ஆவது ஒன்றுமில்லை. அதனால்தான் பேச்சு சேதனப் பசளைக்கு வருகிறது.

சேதனப் பசளை என்றாலே நல்லது என்று நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2007 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 250 கட்டுரைகளிலிருந்து 2423 சோதனை முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மண்வழிப் பங்கசு நோய்கள் சோதனைகளில் 45 சதவீதத்தில் குறைந்தன. 35 சதவீதத்தில் மாற்றமில்லை. 20 சதவீதத்தில் நோய் கூடியது! நன்றாகக் கைகொடுத்தது கூட்டெரு. பயிர்க்கழிவு சில இடத்தில் காத்தது, சில இடத்தில் கவிழ்த்தது.

காரணம் உக்கலில் இருக்கிறது. நன்றாக உக்கிய எருவில் இலகுவான சீனியெல்லாம் ஏற்கெனவே தின்று தீர்ந்திருக்கும். டிரைகோடெர்மா போன்ற நல்ல பங்கசுகள் அங்கே குடியேறி, எதிரிக்கு இடமும் விடாது, இரையும் விடாது. அரைகுறையாக உக்கியதோ றைசொக்டோனியாவுக்கும், கழுத்தழுகலைத் தரும் ஸ்கிளிரோசியத்துக்கும் விருந்து. லயத்துக்குப் பின்னாலுள்ள தொழுவத்திலிருந்து சாணத்தை அன்றன்றே பாத்திக்குச் சுமக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பச்சையாக வெட்டிப் புதைக்கும் காட்டுச் சூரியகாந்திக்கும் விதைக்குமுன் இரண்டு மூன்று கிழமை அவகாசம் வேண்டும்.

வாடிய கொடிகளைக் கூட்டெருக் கும்பத்தில் போடலாமா? நடுவில் 55 பாகை செல்சியஸுக்கு மேல் சில நாள் நின்றால் பெரும்பாலான நோய்க்கிருமி சாகும். ஆனால் கண்டி மழையில் மூடாமல் நனையும் கும்பம் சூடேறாது, ஓரங்கள் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். மூடி வைத்துப் புரட்டிப் போட முடியாதவர்கள் அந்தக் கொடியை எரித்துவிடுவதே மேல். எரு உக்கிவிட்டதா என்று அறிய, ஈரமான ஒரு பிடியைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வையுங்கள். திறக்கையில் புளித்த வாடையோ மூக்கைக் குத்தும் அமோனியாவோ வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது இந்தப் பொறுமைக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டே சீனாவிலிருந்து ஹிப்போ ஸ்பிரிட் கப்பலில் வந்த சேதனப் பசளையை, மாதிரிகளில் எர்வினியா பற்றீரியா இருப்பதாகச் சொல்லி இறக்க விடவில்லை. அனுப்பிய கம்பனி அதை மறுத்தது. நவம்பரில் இரசாயனப் பசளைத் தடையும் நீங்கியது.

எரு மட்டுமல்ல, பயிர் மாற்றுவதும் ஒரு வழி: போஞ்சியை வாட்டும் பியூசேரியம் வகை கோவாவைத் தொடாது. கோவா அறுத்த பாத்தியில் மிஞ்சும் இலையைக் கொத்திப் புரட்டினால் கடுகின் காரத்தைத் தரும் அதே வகைச் சேர்மங்கள் மண்ணில் பரவி, சில பங்கசுகளை அடக்கும். எவ்வளவு இலை, எத்தனை நாள் என்பதை அடுத்த கிழமை பார்ப்போம்.