சிப் படிக்க ஏன் 16 மாதம்?

"மூண்டாம் வருசம் முடிய வேலைக்குப் போறன்" எண்டு சொன்னா வீட்டில வாற முதல் கேள்வி: "அப்ப எப்ப கிராஜுவேட் பண்ணுவாய்?" சிப் டிசைன் விருப்பமெண்டா, இதுக்கு நல்ல பதில் இருக்கு.

ரொறன்ரோ பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் பி.இ.வை. கோ-ஆப் மூலம் ஒரு நிறுவனத்தில் 12 முதல் 16 மாதம் வரை சம்பளத்தோட வேலை செய்யலாம். பக்கத்திலயே, மார்க்கத்தில் ஏஎம்டி இருக்கு. அது முந்தி ஏடிஐ. 1985இல் தொடங்கினது, 2006இல் ஏஎம்டி வாங்கினது.

ஏன் இவ்வளவு காலம்? ஆப்பில பிழையெண்டா இரவோட இரவா அப்டேட் அனுப்பலாம். சிப் ஃபேப்புக்குப் போனாப் பிறகு திருத்த மாதங்களும் பெருங்காசும் வேணும். அதால அனுப்ப முதலே மாதக்கணக்காச் சரிபார்ப்பினம். நாலு மாதக் கோடை வேலையில அதில ஒரு துண்டைத்தான் பாக்கலாம்.

கம்பஸிலயும் வழி இருக்கு. கிங்ஸ்டனில் உள்ள சிஎம்சி மைக்ரோசிஸ்டம்ஸ் 1984 முதல் கனேடியப் பல்கலைக்கழகங்களுக்கு டிசைன் மென்பொருளும், சிப் செய்விக்கிற வசதியும் எடுத்துக் குடுக்குது. பலரின்ர டிசைன்கள் ஒரே வேஃபரில போறதால செலவு பங்கிடப்படும். உங்கட பேராசிரியரிட்டக் கேட்டுப் பாருங்கோ.

வீட்டில சொல்லுங்கோ: பட்டம் ஒரு வருசம் பிந்தும், ஆனா கைப்பழக்கத்தோட வரும்.