பக்கத்துப் பிக்சலையும் கேட்கும் கணக்கு

மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். இதை இரைச்சல் என்கிறார்கள். ஸ்கேன் படங்களிலும் இதே தொல்லைதான். இரைச்சலை நீக்குவதும், பொருளைப் பின்னணியிலிருந்து பிரிப்பதும் வெவ்வேறு வேலைகளாகத் தெரியலாம். புள்ளியியலில் இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்க முடியும்: இந்தக் கறைபடிந்த படத்துக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடிய அசல் படம் எது?

1979-ல் ஜப்பானியரான நொபுயுகி ஒட்சு ஓர் எளிய வழி சொன்னார். பிக்சல்களின் ஒளி அளவுகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். கூட்டங்களின் சராசரிகள் நன்றாக விலகி நிற்கும்படி எல்லையை வைக்க வேண்டும். வேகமான முறை, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பிக்சல் எங்கே இருக்கிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. படத்தின் பிக்சல்களை எல்லாம் கலைத்துப் போட்டாலும் அதே எல்லையைத்தான் சொல்லும்.

அக்கம்பக்கத்தைக் கணக்கில் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. பொருளின் சராசரி ஒளி 180, பின்னணியினுடையது 80 என்போம். ஒரு பிக்சல் 120 காட்டுகிறது. பின்னணி என்றால் விலகல் 40, அதன் வர்க்கம் 1600. பொருள் என்றால் 60, வர்க்கம் 3600. தனியாகப் பார்த்தால் பின்னணிதான். சுற்றியுள்ள நான்கில் மூன்று பொருளாக இருந்து, ஒத்துப்போகாத ஒவ்வொரு பக்கத்து பிக்சலுக்கும் 1500 அபராதம் வைத்தால்? மொத்தச் செலவு பின்னணிக்கு 6100, பொருளுக்கு 5100. தீர்ப்பு மாறிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், எல்லாப் பிக்சலுக்கும் சேர்த்து மொத்தச் செலவைக் குறைக்க வேண்டும். 64க்கு 64 அளவுள்ள சின்னப் படத்துக்கே, கருப்பு வெள்ளையில் சாத்தியமான படங்களின் எண்ணிக்கை 1234 இலக்க எண். 1984-ல் ஸ்டூவர்ட் ஜெமன், டொனால்ட் ஜெமன் சகோதரர்கள் தற்செயல் மாற்றங்களால் மெல்ல மெல்லத் தேடும் முறையைத் தந்தார்கள். அது பொறுமையைச் சோதிக்கும். 1986-ல் ஜூலியன் பெசாக் தந்த முறை வேகமானது, ஆனால் பாதிவழியிலேயே திருப்தியடைந்து நின்றுவிடக்கூடியது.

எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் 1989-ல் வந்தது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரெய்க், போர்ட்டியஸ், செஹோல்ட் மூவரும் இதைக் குழாய்க் கணக்காக மாற்றினார்கள். ஒரு முனை பொருள், மறுமுனை பின்னணி. ஒவ்வொரு பிக்சலுக்கும் இரு முனைகளிலிருந்தும் குழாய், பக்கத்து பிக்சல்களுக்கு இடையிலும் குழாய். செலவுகளே குழாய்களின் கொள்ளளவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீர் போகாதபடி, மொத்தக் கொள்ளளவு மிகக் குறைவான குழாய்களை வெட்டினால் அந்த வெட்டுதான் விடை. தோராயமல்ல, துல்லியமான விடை! இந்த வெட்டைக் கண்டுபிடிக்கும் வழியை ஃபோர்டும் ஃபுல்கர்சனும் 1956-லேயே எழுதியிருந்தார்கள். ஆனாலும் கணினிப் பார்வைத் துறை சுமார் பத்தாண்டுகள் இதைக் கவனிக்கவில்லை. பாய்காவ், வெக்ஸ்லர், ஸாபி ஆகியோர் 1990-களின் இறுதியில் எடுத்து வளர்த்த பிறகே பரவியது. பொருள், பின்னணி என்ற இரண்டு வகைகளுக்கு மேல் போனால் துல்லியம் கைவிட்டுப் போகும். அங்கே அவர்களின் முறை, மிகக் குறைந்த செலவின் இரு மடங்கைத் தாண்டாத விடையை உறுதிசெய்கிறது.

துல்லியமான விடை என்பதாலேயே அது சரியான படம் ஆகிவிடாது. ஒரே பிக்சல் அகலமுள்ள ரத்தக் குழாய் மங்கலாக 140 காட்டுகிறது என்போம். பின்னணி என்று சொன்னால் பிக்சலுக்குக் கூடுதல் செலவு 2000. குழாயாக வைத்திருந்தால் இருபுறமும் சேர்த்து அபராதம் 3000. கணக்கு ரத்தக் குழாயை அழித்துவிடும். அதனால்தான் பாய்காவும் ஜாலியும் 2001-ல் எல்லா இடத்துக்கும் ஒரே அபராதம் வைக்கவில்லை. அடுத்தடுத்த பிக்சல்களின் ஒளி சட்டென மாறும் இடத்தில் அதைக் குறைத்தார்கள்.