காவலூரில் கணிப்பொறி

கணிப்பொறி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன வங்கியும், புகைவண்டி நிலையத்துச் சீட்டு முகப்பும், கையில் ஏந்தும் தொலைபேசியுமே. அங்கெல்லாம் வேலை விரைவாக முடிகின்றது என்று மகிழ்கிறோம். ஆனால் விரைவு ஒன்றே அதனால் வரும் பயன் அன்று. தொழில் செய்பவன் கண்ணால் பார்ப்பது எது, கருத்தால் ஆராய்வது எது என்பதையே அது மாற்றிவிடுகின்றது. இதனைத் தெளிவாகக் காட்ட நம் நாட்டிலேயே தக்க இடம் ஒன்று உண்டு. ஜவ்வாது மலையின்மேல், காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகமே அது.

கொடைக்கானல் வானாய்வகத்தின் தலைவராக இருந்த வைணு பாப்பு, இருள் நிறைந்த இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டிற்கு அருகில் உள்ளமையால் தென்வானின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். 38 செண்டிமீட்டர் தொலைநோக்கியுடன் 1960-களின் இறுதியில் தொடங்கிய பணி, 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியைப் பெற்றது.

அக்காலத்து வானியலாரின் உழைப்பு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கின்றது. தொலைநோக்கியும் உடன் நகரப் பொறி உண்டு. எனினும் அது சற்றே பிசகும். ஆகவே தை, மாசி மாதத்துக் குளிரில், கண்ணாடித் துவாரத்தில் கண்ணை வைத்து, குறுக்கிழைகளின் நடுவே ஒரு விண்மீனை மணிக்கணக்காக நிறுத்தி வைக்க வேண்டும். சிறிது கண்ணயர்ந்தால் படம் கலைந்துவிடும்.

1986-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயர் சூட்டப்பெற்றது. அவர் அதைக் காண உயிருடன் இல்லை, 1982-இலேயே மறைந்துவிட்டார். அக்காலத்தில் 'வாக்ஸ் 11/780' என்னும் கணிப்பொறியும் மலைக்கு வந்தது. ஒளிப்படத் தகட்டின் இடத்தைச் சிறிது சிறிதாக 'சி.சி.டி.' என்னும் ஒளியுணர் சில்லு பிடித்தது. தகடு தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கையே பதியும். நல்ல சில்லு எண்பது பங்குக்கு மேலும் பதியும். 1,024 வரிசையும் 1,024 பத்தியும் உள்ள சில்லில் 10,48,576 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் விழுந்த ஒளி ஓர் எண்ணாகின்றது. ஆகவே படம் என்பது இப்பொழுது பத்து லட்சம் எண்களின் அட்டவணையே.

அந்த எண்களை அப்படியே நம்பலாகாது. தராசில் வெறுந்தட்டின் எடையைக் கழிப்பதுபோல், ஒளி விழாதபோதே சில்லு காட்டும் எண்ணை ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் கழிக்க வேண்டும். கட்டங்கள் யாவும் ஒரே கூர்மை உடையவை அல்ல. ஆகவே அந்திவானத்தின் சீரான ஒளியைப் படம் எடுத்து, அதனால் வகுக்க வேண்டும். இத்தனை கழித்தலையும் வகுத்தலையும் கையால் செய்யப் புகுந்தால் ஓர் இரவுக்கு ஓர் ஆயுள் வேண்டும். கணிப்பொறியோ நொடிகளில் முடிக்கின்றது. ஆயினும் விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர் ஒன்று சில்லில் பாய்ந்தால், அதுவும் விண்மீனைப் போலவே புள்ளி இடும். அதே இடத்தை மறுமுறை படம் எடுத்து, புள்ளி மீண்டும் தோன்றுகிறதா என்று பார்க்கத் திட்டமிடுபவர் மனிதரே. நான் காவலூர் சென்றிருந்தபொழுது, வானியலார் எவரும் தொலைநோக்கியில் கண் வைக்கக் காணோமே என்று உடன் வந்த மாணவர்கள் ஏமாந்தனர். அவர்கள் திரையின் முன் அமர்ந்து இவ்வகை ஐயங்களைத்தான் தீர்த்துக் கொண்டிருந்தனர்.

பதிவு வேறு, பொருள் வேறு என்பதற்குக் காவலூரின் சொந்த வரலாறே சான்று. 1977 மார்ச்சு 10-ஆம் நாள், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அதனை ஆராய்ந்த ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும், கோளுக்குச் சற்று அப்பாலேயே விண்மீன் மங்கியதைப் பதிந்தனர். புதிய துணைக்கோள் ஒன்று என அதனை முதலில் கொண்டனர். இந்தியப் பெருங்கடலின்மேல் விமானத்திலிருந்து நோக்கிய அமெரிக்க அறிஞர்களோ, பலமுறை மங்கியதைக் கண்டு வளையங்கள் என்றனர். அதே ஆண்டிலேயே பட்டாச்சார்யாவும் பாப்புவும் சனிக்கோளினதைப் போன்ற வளைய அமைப்பு என எழுதினர். பதிந்த ஒளி மாறவில்லை. அதைப் படித்த அறிவே மாறியது.

வேறொரு செய்தியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கணிப்பொறியைக் குறிக்கும் சொல் முன்னாளில் கணக்கிடும் மனிதரையே குறித்தது. நம் மொழியிலும் கணியன் என்பவன் ஆளே. கணினி அவன் பெயரின் வேரிலிருந்து பிறந்தது. சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் கையாலேயே கணித்துப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் காவலூரில் சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்தபொழுது அதற்குக் கணித மேதை இராமானுஜன் பெயர் இடப்பட்டது; பொருத்தமான பெயரே.

இன்று வானியலார் மலைக்கு வரவேண்டும் என்பதுகூட இல்லை. லடாக்கில் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகில் ஓசகோட்டையில் அமர்ந்தே இயக்குகின்றனர். மூச்சு முட்டும் உயரத்தில் இது பெரிய வசதி. எனினும் மேகம் வரும் திசையைத் தாமே நின்று பார்க்கும் பழக்கம் அருகி வருவது எனக்கு இழப்பாகவே தோன்றுகின்றது.

கணிப்பொறியால் மீட்க இயலாத இழப்பு ஒன்று உண்டு. மலையைச் சுற்றியுள்ள ஊர்களின் விளக்கொளி வானில் சிதறி, சில்லின் ஒவ்வொரு கட்டத்திலும் சேர்கின்றது. அதைக் கழித்துவிடலாமே என்பீர்கள். வான ஒளி 400 அலகு எனில் அதன் தற்செயல் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 20; அதன்மேல் 80 அலகு ஒளியுள்ள விண்மீன் நன்கு தெரியும். வான ஒளி 10,000 ஆனால் ஏற்றத்தாழ்வு 100. அதே விண்மீன் அதனுள் மறைந்துவிடும். 10,000-ஐக் கழித்தாலும் அந்த 100 கழியாது. தெருவிளக்கிற்கு மேலே ஒரு மூடி போட்டால், ஒளி தரையில் விழும், வானுக்குச் செல்லாது.