சீரியல் செட் வெளிச்சம் ஓடுவது எப்படி?

ஆகஸ்ட் 5, தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா. 1713-இல் அர்ச்சிக்கப்பட்ட அந்த ஆலயம் இரவில் மின்விளக்குகளால் ஜொலிக்கும். ஓடும் சீரியல் விளக்குகளை உற்றுப் பாருங்கள்: ஒரு பல்பாவது இடம் மாறுகிறதா?

இல்லை. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையைத் தூக்கி இறக்கினால்? யாரும் எழுந்திருக்கவில்லை, ஆனாலும் வரிசை நெடுக ஏதோ ஓடியது போலிருக்கும்.

இங்கும் அதுதான். 1, 5, 9-ஆவது பல்புகள் ஒரு வயரில். 2, 6, 10 அடுத்த வயரில். இப்படி நான்கு வயர்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி அவற்றுக்கு மாற்றி மாற்றி மின்சாரம் தரும். ஒன்று அணைந்த கையோடு பக்கத்து பல்பு எரிந்தால், ஒரே விளக்கு நகர்ந்ததாக நம் மூளை சேர்த்துக்கொள்கிறது. சினிமாவில் நொடிக்கு 24 அசையாப் படங்கள் அசைவதும் இந்த ஏமாற்றால்தான்.

இப்படி வயர் மாற்றி மின்சாரம் தர, முன்பு மோட்டார் சுழற்றிய உருளை செய்த வேலையை இப்போது சின்ன சிப் செய்கிறது.

பழைய செட்டில் 6 வோல்ட் பல்புகள் சுமார் நாற்பதை ஒரே வரிசையாகக் கோத்தால்தான் 230 வோல்ட்டைத் தாங்கும். ஒன்று போனால் வரிசையே இருட்டு! எல்இடி வந்தும் கடலோரத்தில் ஒரு தொல்லை தீரவில்லை: உப்புக்காற்று செம்பு இணைப்புகளை அரித்துவிடும்.

வீட்டில் செட் மாட்டுகிறீர்களா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயர் ஒட்டுகளை முதலில் பாருங்கள்.