கைப்பேசியும் நம் பிள்ளைகளும்



விடியற்காலையில் பிரட்டுக்குப் புறப்படும் தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவது நம் தோட்டங்களில் நெடுநாளைய வழக்கம். "வாய்க்கால் பக்கம் போகாதே, புதருக்குள் கை விடாதே, தெரியாதவர் வண்டியில் ஏறாதே" என்பார்கள். இவை யாவும் வாசலுக்கு வெளியே உள்ள ஆபத்துகள். இன்றோ, வீட்டுக்குள் பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் கையிலேயே இணையம் என்னும் பெரிய ஊர் ஒன்று திறந்து கிடக்கிறது. அந்த ஊருக்குப் போகும் பிள்ளைக்கு நாம் என்ன புத்தி சொல்லி அனுப்புகிறோம்? இதைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டிருந்த அந்தக் காலத்தில் எங்கள் மாணவர்களுக்குப் பாடங்கள் புலனத்தின் வழியே போயின. பல வீடுகளில் ஒரே ஒரு கைப்பேசிதான் இருந்தது; அதுவும் பகலில் தகப்பனாரோடு வெளிக்காட்டுக்குப் போய்விடும். அவர் வேலை முடிந்து வந்த பிறகே பிள்ளைகள் முறை வைத்துப் பாடம் எழுதினார்கள். பாடத்திற்காகக் கொடுத்த கைப்பேசி, பள்ளி திறந்த பிறகும் அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. அது தவறென்று நாங்கள் சொல்ல வரவில்லை. பால்வெட்டுக் கத்தியைப் பழகாதவன் கையில் கொடுக்கும்போது பிடிக்கும் முறையையும் சொல்லிக் கொடுப்போம் அல்லவா? கைப்பேசிக்கும் அதுவே முறை.

முதலில், அந்நியர்கள் பிள்ளைகளை எப்படி நெருங்குகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வோம். எடுத்த எடுப்பில் யாரும் பயமுறுத்துவதில்லை. பிள்ளை கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருக்கும்போது கூட விளையாடும் ஒருவர், "நீ கெட்டிக்காரன்" என்று புகழ்வார். தமக்கும் பதின்மூன்று வயதுதான் என்பார்; அவருக்கு நாற்பது வயதாகக்கூட இருக்கலாம். சில நாளில் விளையாட்டுக்கு வேண்டிய பொருளைப் பரிசாகத் தருவார். பிறகு, "இங்கே வேண்டாம், புலனத்தில் தனியாகப் பேசுவோம்" என்பார். அடுத்து, "இதை அம்மாவிடம் சொல்லாதே" என்பார். அதன் பிறகு ஒரு படம் கேட்பார். கூச்சப்பட்டுக்கொண்டே பிள்ளை அனுப்பிவிட்டால், மறுநாளே பேச்சு மாறிவிடும். "இன்னும் படம் அனுப்பு, அல்லது பணம் அனுப்பு, இல்லாவிட்டால் இதை உன் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டுவேன்" என்ற மிரட்டல் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி எங்களிடம் வந்து அழுதாள். இரண்டு வாரங்களாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை, வகுப்பில் வாய் திறக்கவில்லை. மேலே சொன்ன கதைதான் அவளுக்கும் நடந்திருந்தது. "அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம். "சொன்னால் போனைப் பிடுங்கிக்குவாங்க டீச்சர், அப்பா அடிப்பாரு" என்றாள். முகம் தெரியாத மிரட்டல்காரனை விடத் தன் வீட்டுக்கு அந்தப் பிள்ளை அதிகமாகப் பயந்திருந்தாள். அந்தப் பயம்தான் மிரட்டுகிறவனுக்கு மூலதனம். நாங்களும் அதுவரை, கைப்பேசியைப் பறித்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றே பெற்றோர்களுக்குச் சொல்லி வந்தோம். அன்றைக்கு எங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டோம்.

ஆகவே இன்றே, ஒன்றும் நடக்காதபோதே, பிள்ளையை அருகில் அழைத்து ஒரு வாக்குக் கொடுங்கள். "எது நடந்தாலும் என்னிடம் சொல்லு. தப்பே செய்திருந்தாலும் சொல்லு. நான் அடிக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

பிள்ளை அப்படி வந்து சொல்லும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. கேட்ட பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மீண்டும் கேட்பான். வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவைதாம் சாட்சி. அவனுடைய கணக்கின் பெயரையும், எண் இருந்தால் எண்ணையும் குறித்துக்கொண்டு, பிறகு தொடர்பைத் துண்டியுங்கள். பிள்ளையின் படத்தை உதவிக்கென்றுகூட உறவினருக்கோ குழுவுக்கோ அனுப்பாதீர்கள்; அனுப்பினால் நாமே பரப்பியவர்கள் ஆகிவிடுவோம். கைப்பேசியோடு நேரே போலீஸ் நிலையத்திற்குப் போய்ப் புகார் கொடுங்கள். 15999 என்னும் தாலியான் காசே எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். வங்கிப் பணமோ மின்பணப்பைப் பணமோ ஏமாந்து போயிருந்தால் 997-ஐத் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

சட்டம் பிள்ளையின் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தீய நோக்கோடு பேசிப் பழக்குவதே குற்றம். அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. படம் பரவிவிடுமோ என்று அஞ்சுவோருக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. கைரேகையைப் போல ஓர் அடையாள எண் மட்டும் அந்தப் படத்திலிருந்து எடுக்கப்படும். இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்கள் அந்த எண்ணைக் கொண்டு படத்தைத் தேடி நீக்க முடியும்.

இதுவரை நம் பிள்ளைக்குப் பிறரால் வரும் தீங்கைப் பார்த்தோம். நம் பிள்ளையால் பிறருக்கு வரும் தீங்கும் உண்டு. பள்ளித் திடலில் ஒரு மாணவன் சேற்றில் வழுக்கி விழுந்தான். கூட இருந்தவன் அதைப் படம் பிடித்து, கேலி வாசகம் எழுதி, வகுப்புக் குழுவில் போட்டான். மாலைக்குள் அது மூன்று குழுக்களுக்குப் போய்விட்டது. விழுந்த பையன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. படம் எடுத்தவனைக் கேட்டபோது, "சும்மா விளையாட்டுக்குத்தான்" என்றான். லயத்து வாசலில் செய்த கேலி மறுநாள் மறந்துபோகும். கைப்பேசியில் போட்ட கேலியை, போட்டவன் நினைத்தாலும் திருப்பி எடுக்க முடிவதில்லை. மிரட்டியும் இழிவுபடுத்தியும் ஒருவரை வதைப்பதைக் குற்றமாக்கி, 2025-ஆம் ஆண்டு நம் தண்டனைச் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள் என்றால், இது வெறும் விளையாட்டு அல்ல என்பது விளங்கும். "அவன் முகத்துக்கு நேரே இதைச் சொல்வாயா? உன் தங்கையின் படமாக இருந்தால் அனுப்புவாயா?" என்று பிள்ளையைக் கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகள் போதும்.

பிள்ளைகள் நாம் சொல்வதை விட நாம் செய்வதையே பார்த்துக் கற்கிறார்கள். உண்மையா பொய்யா என்று பாராமல் வந்த செய்தியை நாம் பத்துப் பேருக்குத் தள்ளிவிட்டால் அவர்களும் அதையே செய்வார்கள். பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைப் பெருமையோடு முகநூலில் போடுகிறோம். அதில் உள்ள அடையாள அட்டை எண்ணில் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த 2 இலக்கங்கள் பிறந்த இடம். முன்பின் அறியாதவருக்கு இவற்றை நாமே எடுத்துக் கொடுக்கலாமா?

வீட்டு வழக்கங்களாகச் சிலவற்றை வைத்துக்கொள்வோம். இரவில் கைப்பேசி படுக்கையில் வேண்டாம். கூடத்தில் மின்னேற்றத்தில் இருக்கட்டும். பல சமூக ஊடகத் தளங்கள் குறிப்பிட்ட வயதுக்குட்பட்டவர்களுக்குக் கணக்கு அனுமதிப்பதில்லை. வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் திறக்க நாமே துணை போக வேண்டாம். வங்கியிலிருந்து வரும் இரகசிய எண்ணைப் பிள்ளை எவருக்கும் சொல்லக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட வாரம் ஒருநாள், "இதில் என்ன விளையாட்டு ஆடுகிறாய்? எனக்கும் காட்டு" என்று பக்கத்தில் உட்காரலாம். பிள்ளை காட்டும், காட்டும்போதே பேசவும் தொடங்கும். அந்தப் பேச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதே, பெற்றோர்களே, நாம் பிள்ளைக்குக் கொடுக்கும் பெரிய காவல்.