ஐம்பது எம்.பி.க்குள் ஒரு குடித்தனம்!

'இந்த மாசத்திலேர்ந்து சிக்கனமா இருக்கணும்' என்று முதல் தேதி எடுக்கிற தீர்மானம் எத்தனாம் தேதி வரை தாங்கும்? எட்டாம் தேதி தாண்டினால் அதிசயம். பத்தாம் தேதி 'ஒரே ஒரு சட்டை', பதினைந்தாம் தேதி 'ஒரே ஒரு சினிமா', இருபதாம் தேதி பக்கத்து சீட்காரரிடம் கைமாற்று!

நம்ம கதையை விடுங்கள். இப்படி ஒரு தீர்மானம் எடுத்து, வருஷக்கணக்கில் அதைக் காப்பாற்றிய ஒரு கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் உண்டு. பெயர், 'டாம்ன் ஸ்மால் லினக்ஸ்'. மரியாதையாகத் தமிழ்ப்படுத்தினால் 'ரொம்ப ரொம்பச் சின்ன லினக்ஸ்'. மரியாதை இல்லாமலும் படுத்தலாம், பத்திரிகையில் வேண்டாம்.

லினக்ஸ் தெரியும்தானே? 1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி வைத்த சமாசாரம். அவர் தந்தது 'கெர்னல்' மட்டும். சாப்பாட்டில் சாதம் மாதிரி. சாதத்தை மட்டும் சாப்பிட முடியுமா? சாம்பார், ரசம், பொரியல், அப்பளம் எல்லாம் சேர்த்து இலையில் பரிமாறுகிறார்களே, அந்த முழுச் சாப்பாட்டுக்குப் பெயர்தான் 'டிஸ்ட்ரிபியூஷன்', சுருக்கமாக 'டிஸ்ட்ரோ'. உலகத்தில் நூற்றுக்கணக்கான டிஸ்ட்ரோக்கள். ஒவ்வொன்றிலும் வருஷா வருஷம் இலை பெரிசாகிக்கொண்டே போகும்.

2000-களின் தொடக்கத்தில் ஜான் ஆண்ட்ரூஸ் என்பவர் மட்டும் தலைகீழாக யோசித்தார். 'எவ்வளவு சேர்க்கலாம்?' என்று கேட்கவில்லை. '50 எம்.பி.க்குள் எவ்வளவு அடக்கலாம்?' என்று கேட்டார். (நாடாளுமன்ற எம்.பி. அல்ல, மெகாபைட்! அந்த எம்.பி.க்களை 50 பேருக்குள் அடக்குவது வேறு விஷயம்.)

விசிட்டிங் கார்டு சி.டி.

அதென்ன கணக்கு 50? அப்போது விசிட்டிங் கார்டு சைஸில் ஒரு குட்டி சி.டி. கிடைத்தது. அதில் சுமார் 50 எம்.பி.தான் பிடிக்கும். கம்ப்யூட்டரையே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி! அந்த சி.டி.யைச் செருகி மெஷினை ஆன் பண்ணினால் போதும். பிரவுசர், ஈ-மெயில், பாட்டு, எழுதுவதற்கு எடிட்டர், சின்னச் சின்ன விளையாட்டு, எல்லாம் ரெடி. ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். 486 பிராசஸரும் 16 எம்.பி. ரேமும் உள்ள கிழட்டு மெஷினில்கூட அது எழுந்து நடந்தது.

இன்று உங்கள் செல்போனில் எடுத்த பதினைந்து இருபது போட்டோவைச் சேர்த்தால் 50 எம்.பி. ஆகிவிடும். விண்டோஸ் 11 உட்காருவதற்கே குறைந்தது 64 ஜி.பி. இடம் கேட்கிறது. சுமார் 1,300 மடங்கு!

பட்ஜெட் போட்டுப் பழகியவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே புரியும். 'சிக்கனமா இருப்போம்' என்பது வெறும் ஆசை. '50-க்கு மேல் ஒரு பைசா கிடையாது' என்பது வரம்பு. வரம்பு இருந்தால்தான் புதுச் செலவு ஒன்று வரும்போது, 'சரி, எதை நிறுத்தலாம்?' என்ற கேள்வி வரும். இந்த டிஸ்ட்ரோவில் புதுசாக ஒன்று உள்ளே வரவேண்டும் என்றால், ஏற்கெனவே இருக்கிற ஒன்று வெளியே போகவேண்டும். ஒண்டுக் குடித்தனத்தில் புதுசாகக் கட்டில் வாங்குகிற மாதிரி.

மாப்பிள்ளையோடு வரும் வேன்

'ஒரு சின்ன புரோகிராம்தானே ஸார், சேர்த்துடுங்களேன்' என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கோரிக்கை மாதிரிதான் தெரியும். ஆனால் புரோகிராம் தனியாக வராது. அதற்கு இரண்டு 'லைப்ரரி' தேவை. அந்த லைப்ரரிக்கு இன்னும் நாலு லைப்ரரி. மாப்பிள்ளை ஒருத்தரைத்தான் விருந்துக்குக் கூப்பிட்டீர்கள். வாசலில் வந்து நிற்பது வேன்! மாமா, சித்தப்பா, சித்தப்பாவின் ஷட்டகர்...

ஆகவே டிஸ்ட்ரோவைச் சின்னதாக வைத்திருப்பவரின் முதல் வேலை, ஒரே சொந்தக்காரக் கூட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் புரோகிராம்களாகப் பார்த்துப் பொறுக்குவது. பத்து புரோகிராமுக்கும் ஒரே லைப்ரரி என்றால் செலவு ஒருமுறைதான்.

இரண்டாவது வித்தை, 'பிஸிபாக்ஸ்'. 1990-களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ் எழுதியது. டெபியன் லினக்ஸை இன்ஸ்டால் பண்ணுகிற, ரிப்பேர் பண்ணுகிற சாமான்களையெல்லாம் ஒரே ஃப்ளாப்பியில், அதாவது 1.44 எம்.பி.யில் அடக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு. ஃபைலைக் காப்பி பண்ண ஒரு புரோகிராம், பெயர் மாற்ற ஒன்று, பட்டியல் போட ஒன்று என்று தனித்தனியாக வைக்காமல், எல்லாவற்றையும் ஒரே புரோகிராமாகப் பிசைந்துவிட்டார். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களோ, அந்த வேலையைச் செய்யும்! சின்ன ஆபீஸில் ஒரே ஆள் டைப்பிஸ்ட்டாகவும் கேஷியராகவும் தபால் குமாஸ்தாவாகவும் இருப்பாரே, அதே ஏற்பாடு. கமல் 'தசாவதாரம்' படத்தில் போட்டது பத்து வேஷம். பிஸிபாக்ஸ் நூற்றுக்கணக்கில் போடும். பல வீடுகளில் இன்டர்நெட் ரவுட்டருக்குள் சத்தமில்லாமல் உழைப்பதும் இதுதான்.

மூன்றாவது, ஹோல்டால் வித்தை. முழு சிஸ்டத்தையும் அழுத்திச் சுருட்டி வைத்துவிடுவது. தேவைப்படும் துண்டை மட்டும், தேவைப்படும் நேரத்தில் விரிப்பது. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 'நாப்பிக்ஸ்' டிஸ்ட்ரோவில் இப்படித்தான் சுமார் 2 ஜி.பி. சரக்கை 700 எம்.பி. சி.டி.யில் ஏற்றினார். அந்த நாப்பிக்ஸ்தான் நம்ம டாம்ன் ஸ்மாலுக்குத் தாய்வீடு.

சுருட்டினதை விரிக்க பிராசஸர் உழைக்கவேண்டாமா? வேண்டும்தான். ஆனால் பழைய சி.டி. டிரைவ் நத்தை வேகத்தில் படிக்கும். அதிலிருந்து குறைவாகப் படித்து, பிராசஸரில் விரித்துக்கொள்வதே லாபம். இன்னொரு லாபமும் உண்டு. 128 எம்.பி. ரேம் இருந்தால், 50 எம்.பி. சிஸ்டம் மொத்தத்தையும் ரேமுக்குள்ளேயே தூக்கி வைத்துக்கொள்ளலாம். டிரைவ் பக்கமே போகவேண்டாம். கிழட்டு மெஷின் திடீரென்று பறக்கும்!

பிரிந்த குடித்தனம்

சிக்கனத்தில் ஒற்றுமையாக இருப்பது கஷ்டம். டாம்ன் ஸ்மாலில் ஐந்து வருஷம் உழைத்து, வேண்டிய புரோகிராமைப் பின்னால் சேர்த்துக்கொள்ளும் வசதியை உருவாக்கியவர் ராபர்ட் ஷிங்கிள்டெக்கர். மூலவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவர் வெளியே வந்து 'டைனி கோர் லினக்ஸ்' என்று தனிக்குடித்தனம் வைத்தார். முதல் பதிப்பு 2009-ல் வந்தது.

இவருடைய சித்தாந்தமே வேறு. '50-க்குள் எதை வைப்பது' என்று மண்டையை உடைத்துக்கொள்வானேன்? எதையுமே வைக்காதே! வெறும் வீட்டைக் கொடு, சாமானை அவரவர் கொண்டுவரட்டும். ஜன்னல், மெனுவோடு கூடிய டைனி கோர் இன்றைக்கும் 25 எம்.பி.க்குள் நிற்கிறது. ஆனால் பிரவுசர்கூட இருக்காது, நீங்கள்தான் இறக்கிக்கொள்ளவேண்டும். அண்ணன் கொடுத்தது குட்டிச் சாப்பாடு. தம்பி கொடுப்பது அடுப்பும் தீப்பெட்டியும்.

ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003-ல் தொடங்கிய 'பப்பி லினக்ஸ்' மூன்றாவது வழி. நாய்க்குட்டி ஆரம்பத்தில் 100 எம்.பி.க்குள் இருந்தது. இப்போது பல நூறு எம்.பி. வளர்ந்த நாய்! அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஏன் என்று பாருங்கள்.

பிரவுசர் என்னும் பூதம்

டிஸ்ட்ரோவை எவ்வளவு வேண்டுமானாலும் இளைக்க வைக்கலாம். கடைசியில் நீங்கள் பிரவுசரைத் திறப்பீர்கள். ரயில் டிக்கெட், பேங்க், வீடியோ எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். இன்றைய பிரவுசர் நாலு பக்கம் திறந்தாலே சில ஜி.பி. ரேமைக் குடித்துவிடும். டிஸ்க்கில் சின்னதாக இருப்பது வேறு, ரேமில் சின்னதாக இருப்பது வேறு என்று பலர் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். வீட்டு வாடகையை மிச்சம் பண்ணிவிட்டு ஓட்டலில் சாப்பிடுகிற கதை.

டாம்ன் ஸ்மால் 2008-க்குப் பிறகு பெரும்பாலும் தூங்கிப்போனது. 2024 பிப்ரவரியில் ஆண்ட்ரூஸ் அதை மறுபடி எழுப்பினார். இந்தத் தடவை 'ஆன்டிஎக்ஸ்' டிஸ்ட்ரோவின் மேல் கட்டினார். வரம்பு 700 எம்.பி., அதாவது ஒரு முழு சி.டி.! 14 மடங்கு ஏற்றம். 'இதுவா சின்னது?' என்று சிரிக்கலாம். ஆனால் அகவிலைப்படி பார்க்காமல் பழைய சம்பளத்தைப் பேசக்கூடாது. மற்ற டிஸ்ட்ரோக்கள் பல ஜி.பி. ஆகிவிட்ட காலத்தில் 700-ம் ஒண்டுக் குடித்தனம்தான். முக்கியம் என்னவென்றால், தொகை மாறியது. வரம்பு என்ற ஒன்று இருக்கவேண்டும் என்பது மாறவில்லை.

வெட்டு யாருக்கு?

அந்த 700-க்குள் நுழைய ஆண்ட்ரூஸ் எதையெல்லாம் வெட்டினார்? கையேடுகள், மூல நிரல், கூடவே பெரும்பாலான மொழிகள்! (தேவையானவர்கள் திரும்ப இறக்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறார், அது நாணயம்.)

இங்கேதான் நாம் நிமிர்ந்து உட்காரவேண்டும். இடம் போதவில்லை என்றால், உலகம் முழுக்க முதல் வெட்டு அடுத்தவன் மொழிக்குத்தான் விழும். ஆங்கிலத்தில் எழுத்தை வரிசையாக அடுக்கினால் போதும். தமிழில் 'கொ' என்று எழுத, 'க'வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். இதை ஒழுங்காகச் சேர்க்க எழுத்துரு மட்டும் போதாது, அதைப் பொருத்துகிற சாஃப்ட்வேரும் வேண்டும். எழுத்துருவே இல்லையென்றால் திரையில் தெரிவது வெறும் கட்டம் கட்டமாக. ஒரு தமிழ் எழுத்துரு பெரும்பாலும் சில நூறு கே.பி.தான். 700 எம்.பி.யில் அது ஒரு டீ செலவு.

பி.காம். படித்தவர்களுக்கு 'மெட்டீரியாலிட்டி' என்ற வார்த்தை ஞாபகம் இருக்கும். தொகை சின்னதா பெரிசா என்பது மட்டும் கணக்கல்ல, அதை எடுத்தால் மொத்தக் கணக்கின் அர்த்தமே மாறுமா என்று பார்க்கவேண்டும். எழுத்துரு சைஸில் சின்னது. ஆனால் அதை எடுத்துவிட்டால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மாவுக்கு அந்தக் கம்ப்யூட்டர் முழுசுமே வேஸ்ட்! சின்னதாக வைத்திருப்பது ஒரு டெக்னிகல் சமாசாரம் என்றுதான் தோன்றும். உண்மையில் 'யார் உள்ளே, யார் வெளியே' என்று தீர்ப்பு சொல்கிற சமாசாரம்.

மெஷின்களுக்கும் அப்படித்தான். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடுகிற எத்தனையோ கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11 'தகுதி இல்லை' என்று திருப்பி அனுப்புகிறது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-ல் 32-பிட் மெஷின்களுக்கு இன்ஸ்டாலர் கிடையாது. லினக்ஸுக்கான 32-பிட் ஃபயர்ஃபாக்ஸும் அதே வருஷம் 144-ம் பதிப்போடு நின்றது. அந்த மெஷின்கள் குப்பைக்குப் போவதற்கும், ஒரு பையன் அதில் கணக்குப் பாடம் படிப்பதற்கும் நடுவே நிற்பது இந்த மாதிரிச் சிக்கனக்காரர்கள் சிலர்தான்.

உங்கள் வீட்டுப் பரண் மேல் ஒன்று இருந்தால்...

* முதலில் உள்ளே இருக்கும் போட்டோ, ஃபைல்களை வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

* 64-பிட்டா, ரேம் எவ்வளவு என்று பாருங்கள். 2 ஜி.பி. இருந்தால் ஆன்டிஎக்ஸ், பப்பி இரண்டையும் தைரியமாகப் பார்க்கலாம். 4 ஜி.பி. என்றால் இன்னும் சௌகரியம்.

* உடனே இன்ஸ்டால் பண்ணாதீர்கள். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், தமிழ் மூன்றும் சரியாக வருகிறதா?

* 2008 காலத்து டாம்ன் ஸ்மாலை வேடிக்கைக்கு ஓட்டலாம். பேங்க் வேலைக்கு வேண்டவே வேண்டாம். பாதுகாப்புத் திருத்தம் வராத சிஸ்டம் பூட்டில்லாத வீடு.

* ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போட்டால், பாதி கிழத்தனம் அன்றைக்கே போய்விடும்.

கடைசியாக ஒன்று. இந்த டிஸ்ட்ரோக்காரர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் உட்கார்ந்து, 'இது இல்லாமல் முடியுமா?' என்று ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்க்கிறார்கள். அதே கேள்வியோடு உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்களேன். ஒரு எச்சரிக்கை. வீட்டில் மற்றவர்கள் சாமானில் கை வைக்காதீர்கள். ஐந்து வருஷம் கூடவே உழைத்தவர்களே தனிக்குடித்தனம் போயிருக்கிறார்கள்!